குல்லாய் போட்ட மீட்டர்

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருவில், யார்க்ஷயரின் க்ராக் டெரஸில், யாருக்கும் பயமில்லை. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வீட்டைச் சூடாக்குகிற எரிவாயு விலை எங்கேயோ போய்விட்டது என்று டிவியில் தினமும் சொன்னார்கள். நாங்களும் தினமும் பார்த்தோம், வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு. கோட்டுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. கடைசி வீட்டு எல்லிஸ், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குளிர்ந்த காற்று நுரையீரலை வலுப்படுத்தும் என்றார். நடுவீட்டு டோரீன் தனியாக இருப்பவள். உள்ளே கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்ததற்கு, முடி வெட்டியவள் கெடுத்துவிட்டாள் என்று சொன்னாள். யார்க்ஷயர்க்காரனை ஐஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாலும், "கொஞ்சம் சில்லுனு இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

பயமில்லாதவர்களில் முதல் மனிதர் ரோலண்ட் ஆக்டன். நகராட்சிப் பூங்காத் துறையில் துணைக் கண்காணிப்பாளராக இருந்தவர். கண்காணிப்பாளர் என்று ஒருவர் இருந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. ரோலண்ட் பேச்சில் அவர் வந்ததே இல்லை.

அவர் மனைவி மேவிஸ் மட்டும் பயந்தாள். அதை மறைக்க அவளிடம் மூச்சு மிச்சமில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, மெலிந்து திரும்பியிருந்தாள். மூச்சு தானாக வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அது வராமல் போனால் எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு ராத்திரி பார்த்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படி வந்தா இந்த நெஞ்சு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. படுக்கிற ரூம் சூடா இருக்கணும். குளிர்ல படுக்காதீங்க." ரோலண்ட் பக்கத்தில் நின்று, துறைக்கு வந்த ஆலோசனையைக் குறித்துக்கொள்வதுபோலத் தலையாட்டினார்.

மேவிஸ் படுக்கிற அறை பின்பக்க அறை. இருமல் ரோலண்டின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவளே அங்கே போனாள்; அவள் போக விரும்புவதாக ரோலண்டும் எல்லோரிடமும் சொல்லிவைத்தார். எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. எரிவாயுவில் தண்ணீரைச் சுடவைக்கும் பாய்லர் அடுக்களையில்; அறைக்கு அறை சுவரோரம் அந்தச் சுடுநீர் ஓடுகிற இரும்பு ரேடியேட்டர். அங்கிருந்து சுடுநீர் முதலில் வாசல் நடைக்குப் போகும், பிறகு முன்னறைக்கு, பிறகு மாடி ஏறி முன் படுக்கையறைக்கு, குளியலறைக்கு. எல்லோரும் உண்டு முடித்த பிறகுதான் பின்னறை ரேடியேட்டருக்கு. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் இலையில் ரசம் விழுவதுபோல வெதுவெதுப்பாக ஏதோ வந்து சேரும். காலையில் அந்த அறையில் மேவிஸின் மூச்சு புகையாகத் தெரியும். அது தெரிகிற வரைக்கும் உயிரோடு இருக்கிறோம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் வேறொரு கணவன், வீட்டுச் சூட்டை அளந்து பாய்லரை எரிக்கவும் நிறுத்தவும் செய்கிற தெர்மோஸ்டாட்டைத் திருகிக் கூட்டியிருப்பான். ரோலண்டால் முடியவில்லை. கூட்டினால் பில் கூடும், பில் என்றாலே ரோலண்டுக்குப் பயம். ஓய்வூதியம் எப்படிப் போகிறது என்பது மேவிஸுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் ஒரு துணைக் கண்காணிப்பாளர் "பயமாயிருக்கு" என்று சொல்லலாமா? ஆகவே அவர் இணையத்தில் இரண்டு நாள் படித்துவிட்டு வந்து அறிவித்தார். "நம்ம வீட்டுல சூட்டுக்குப் பஞ்சமில்ல, மேவிஸ். பங்கீடு சரியில்ல."

விஷயம் இதுதான். ஒவ்வொரு ரேடியேட்டரின் அடியிலும் ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் மூடி இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு. பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கிற ரேடியேட்டர்களின் திருகை இறுக்கினால், அவை விழுங்கும் தண்ணீர் குறைந்து தூரத்தில் இருப்பதற்குப் போகும். சமன் செய்வது என்று பெயர். உண்மையான வேலைதான், ஒழுங்காகச் செய்தால் அறைகள் ஒன்றுபோலச் சூடாகும், பாய்லருக்கும் உழைப்பு குறையும், பில்லும் இறங்கும். ரோலண்ட் முழங்காலுக்கு மெத்தை கட்டிக்கொண்டு, குழாய்க்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வெப்பமானியைச் சொருகி, ஒரு நாள் பூராவும் தவழ்ந்தார். பூங்காத் துறையில்கூட அவர் இத்தனை நேரம் மண்டியிட்டதில்லை என்று மேவிஸ் சொல்வாள்.

வாசல் நடைக்கு வந்தபோது சற்று நின்றார். சின்ன இடம். கோட்டு மாட்டும் கொக்கிகள், செருப்புத் தட்டு, குடைகள். அங்கே ஒரு ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது.

"இதப் பாரு," என்றார். "நடையில யார் உக்காரப் போறா? கோட்டுக்குக் குளிருமா?"

திருகை ஏறக்குறைய முழுக்க மூடினார்.

அன்று சாயங்காலம் மேவிஸ் பின்னறைக்குப் போய் ரேடியேட்டரில் கை வைத்தாள், சுட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். காலையில் மூச்சு புகையாகத் தெரியவில்லை. ஒரு கணம் பதறி நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்; பிறகுதான் புரிந்தது. இருமல் இரண்டு நாளில் தணிந்தது. "நீ சாதிச்சிட்டப்பா" என்று அவள் சொன்னபோது ரோலண்ட் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். அடக்கம் அவருக்குப் பழக்கமில்லாததால் அது சற்றுச் சத்தமாகவே வெளிப்பட்டது. தெருவுக்கே தெரிந்தது.

மூன்றாம் நாள் மேவிஸ் அடுக்களையில் ஸ்மார்ட் மீட்டரின் பெட்டியைப் பார்த்தாள். கையளவு பெட்டி, எரிவாயு சிக்கனமாக எரிந்தால் பச்சை விளக்கு, கூடினால் மஞ்சள், எல்லை மீறினால் சிவப்பு. அது சிவப்பாக இருந்தது. காலையிலும் சிவப்பு, மத்தியானமும் சிவப்பு. பாய்லர் காதுக்குக் கேட்கும்படி உறுமிக்கொண்டே இருந்தது. அது நின்று கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் தலைமாட்டில் இருந்த கருவியிலும் இதே சிவப்பில் ஒரு விளக்கு உண்டு; அது எரிந்தால் செவிலியர்கள் ஓடி வருவார்கள். இங்கே ஓடி வர யாரும் இல்லை.

தபால் எடுக்க வாசல் நடைக்குப் போனபோது காரணம் தெரிந்தது. கதவைத் திறந்து நடைக்குள் கால் வைத்ததும் பனிக்குள் இறங்கியதுபோல இருந்தது. கோட்டுகள் விறைத்துத் தொங்கின. கொக்கிகளுக்கு மேலே சுவரில் தெர்மோஸ்டாட். எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் அது அங்கேதான் இருக்கிறது. கட்டியவன் எங்கே வைத்தானோ அங்கே. ரோலண்ட் அதைப் பத்தொன்பது டிகிரியில் வைத்திருந்தார். நடையில் இருந்ததோ பதின்மூன்று. வீட்டில் உள்ள ஒரே ஐஸ் பெட்டிக்குள் நின்றுகொண்டு அது "குளிருது, குளிருது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பாவம், பாய்லரும் நம்பி எரிந்துகொண்டே இருக்கிறது. பத்தொன்பது அங்கே வரப்போவதில்லை, பாய்லரும் நிற்கப்போவதில்லை.

மேவிஸ் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ரோலண்டைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அப்புறம் பின்னறை ஞாபகம் வந்தது. சொன்னால் அவர் நடைத் திருகைத் திறப்பார். நடை சூடானதும் பாய்லர் நிற்கும், பின்னறை பழையபடி குளிரும். வாயை மூடிக்கொண்டு நடைக் கதவையும் சாத்திவிட்டு வந்தாள். இதெல்லாம் குளிர் போன பிறகு நாங்கள் அவள் வாயால் கேட்டது. அன்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ரோலண்டும் சிவப்பு விளக்கைப் பார்த்திருந்தார். மறுநாள் காலை அந்தப் பெட்டியின் மேல் தேநீர் ஆறாமலிருக்கக் குடுவைக்குப் போடுகிற கம்பளிக் குல்லாய் கவிழ்த்திருந்தது.

"அந்த வெளிச்சம் கண்ணக் கூசுது," என்றார்.

"ஆமா, கூசத்தான் செய்யுது," என்றாள் மேவிஸ்.

அதற்குப் பிறகு தேநீர்க் குடுவை குளிரில் கிடந்தது, மீட்டர் சுகமாக இருந்தது. இருவரும் ஆறிய தேநீரைக் குடித்தார்கள். ரோலண்டின் கண் அடிக்கடி குல்லாய்ப் பக்கம் போகும்; பாம்பு அடைத்த கூடையைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார். ராத்திரியில் அவர் புரள்வது சுவர் வழியாக மேவிஸுக்குக் கேட்டது. பில் வருகிற நாளை நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று எழுந்து உட்காருவாள். அறை கதகதவென்று இருக்கும். படுத்துவிடுவாள்.

இதற்குள் ரோலண்ட் விஞ்ஞானத்தைத் தெருவுக்கு வழங்கியிருந்தார். 'உங்கள் ரேடியேட்டர்களைச் சமன் செய்யுங்கள்' என்று ஒரு பக்கத்தில் அச்சடித்து வீட்டுக்கு வீடு போட்டார். நடை ரேடியேட்டரை மூடுக என்பது முதல் கட்டளை. தெர்மோஸ்டாட்டைப் பத்தொன்பதில் வைத்துவிட்டுத் தொடாதீர்கள் என்பது கடைசிக் கட்டளை. பயந்து கிடந்த தெரு, மலிவான மந்திரம் கிடைத்ததும் அப்படியே பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு எல்லோரும் மண்டியிட்டோம்.

பிறகு நடந்ததை வெளியூர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் நாங்கள் பைத்தியம் என்று போலீஸுக்குச் சொல்லியிருப்பான். ஜனவரி மாதம், கூரையெல்லாம் உறைபனி, தெரு முழுக்க மாடி ஜன்னல்கள் திறந்து கிடந்தன. உள்ளே வெக்கை தாங்கவில்லை. எல்லிஸ் அரைக்கைச் சட்டையோடு ஜன்னலில் சாய்ந்து, காற்றோட்டம் அவசியம் என்று கீழே போகிறவர்களுக்கு விளக்கினார். ரோலண்டின் முன் படுக்கையறையும் அகலத் திறந்திருந்தது. எங்கள் வீடும் அதில் சேர்த்திதான். சாலையில் பார்த்துக்கொண்டால் "எப்படி, குறைஞ்சுதா?" என்று கேட்போம், "நல்லாவே" என்று பதில் வரும். அவரவர் பெட்டி அவரவர் வீட்டில் சிவந்து கிடந்தது. தாங்கள்தான் எங்கேயோ தப்பாகத் திருகிவிட்டோம், மற்றவர்களுக்குச் சரியாக வந்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். கேட்டால் மானம் போகும். ஆகவே பயந்துகொண்டே எரித்தார்கள்.

டோரீன் வீட்டு ஜன்னல்கள் மட்டும் சாத்தியிருந்தன.

ஒரு மத்தியானம் மேவிஸ் பின்னறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் டோரீனின் பின்னறை. ஒரு இருமல் கேட்டது. மேவிஸின் கை நின்றது. சாதாரணத் தொண்டை இருமல் இல்லை. அடியிலிருந்து எதையோ இழுத்து, கிடைக்காமல், மறுபடி இழுக்கிற இருமல். முடிந்தவுடன் ஒரு சின்ன விசில் சத்தம். அந்த விசில் யாருடையது என்று மேவிஸுக்குத் தெரியும். டிசம்பரில் அது அவள் நெஞ்சில் குடியிருந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து குளிர் ஊறி வந்தது. நாய்க்குட்டி தன் கையை நக்குகிறதென்று நினைத்திருந்தவள் குனிந்து பார்த்தால் ஓநாய் நின்றது போல, அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

கதவைத் தட்டினாள். டோரீன் கொஞ்சமாகத் திறந்தாள். கோட்டு, தொப்பி, கையுறை.

"வெளிய கிளம்பிட்டியா கண்ணு?"

"இப்பதான் வந்தேன்," என்றாள் டோரீன். காலில் வீட்டுச் செருப்பு.

சனிக்கிழமை மத்தியானம் சர்ச்சின் பக்கத்து அறையில் ரோலண்ட் கூட்டம் போட்டிருந்தார். தேநீர், பிஸ்கட், சுவரில் ரேடியேட்டர் படம், அதன் மேல் அம்புக்குறிகள். சர்ச்சில் சூடு போடவில்லை. தேவனுக்கும் பில் வருகிறது. எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்தோம். ரோலண்ட் எழுந்து, ஒரு தெருவே ஒரு மனதாக விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பியதைப் பாராட்டிவிட்டு, அவரவர் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் தன் வீட்டில் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிலையில் இருந்தார் மனிதர்.

எல்லிஸ், மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்றார். வங்கிக்காரர் சொன்ன கணக்கு. அதற்குக் கீழே சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சிலர் மூன்றில் ஒன்று என்றார்கள், சிலர் சற்றுக் கூடவே என்றார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ரோலண்ட் இன்னும் வெளுத்தார். டோரீன் முறை வந்தது.

"எனக்குப் பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு," என்றாள்.

அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். கைதட்டினோம். ரோலண்ட் அவளைத் தன் சிறந்த மாணவி என்றார். டோரீன் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. விடாமல் இருமினாள். கடைசியில் அந்த விசில். நாங்கள் மரியாதைக்காகப் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேவிஸ் தன் நாற்காலியில் உறைந்திருந்தாள். இப்போது பேசினால் பின்னறை போய்விடும். ஆஸ்பத்திரியின் அந்த ராத்திரி, முகத்தில் மாட்டிய ஆக்ஸிஜன் முகமூடி, வராத மூச்சு எல்லாம் அவள் கண் முன்னால் வந்தன. எழுந்தாள்.

"டோரீன், நீ பாய்லரையே அணைச்சிட்ட. இல்லையா?"

டோரீன் கையுறையைப் பார்த்தாள். "அந்தச் சிவப்பைப் பாக்க முடியல மேவிஸ். எல்லாருக்கும் குறையுதுங்கறாங்க. எனக்கு மட்டும் ஏறுது. என்னமோ தப்புப் பண்ணிட்டேன்."

"நீ ஒண்ணும் பண்ணல. எங்க வீட்டுலயும் சிவப்புதான். சமன் பண்ணின நாள்லேர்ந்து."

"மேவிஸ்," என்றார் ரோலண்ட், "அது இன்னும் படியணும். புது அமைப்பு படியறதுக்கு நாளாகும்."

"படியாது ரோலண்ட். நடையில பதிமூணு டிகிரிதான் இருக்கு. தெர்மோஸ்டாட் அங்கதான் தொங்குது. அதுக்குக் குளிருது, அதனால பாய்லர் நிக்கவே மாட்டேங்குது. எனக்கு இது மொதல்லயே தெரியும். நான்தான் சொல்லல." மூச்சு வாங்கியது, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா என் ரூம் பழையபடி குளிர்ந்துடும்னு பயமா இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

க்ராக் டெரஸில் அந்த வார்த்தையை யாராவது சபையில் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. யாரோ தும்மினால் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுபோல இருக்கப் பார்த்தோம். முடியவில்லை.

எல்லிஸ் தொண்டையைச் செருமினார். "என் வீட்டுப் பெட்டியும் கொஞ்சம்... ரோஸ் கலரா இருக்குன்னு சொல்லலாம்."

"ரோஸா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க வீட்டுது பீட்ரூட். நான் அதை டிராயர்ல போட்டு வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. ஒருவர் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஒரு அம்மாள் அதன் முன்னால் மகன் படத்தை நிறுத்தியிருந்தாள். மூன்றில் ஒரு பங்கு எங்கேயிருந்து வந்தது என்று எல்லிஸைக் கேட்டதற்கு, அது ஒரு நியாயமான எண்ணாகத் தோன்றியது என்றார். ரோலண்ட் அம்புக்குறிப் படத்தைச் சுருட்டினார். சுருட்டி முடித்தும் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

இருட்டுவதற்குள் தெருவில் ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. டோரீன் வீட்டுக்கு ரோலண்டே போய், அவள் நடைத் திருகைத் திறந்து பாய்லரை ஏற்றிவிட்டு வந்தார். திரும்பி வந்து தன் வீட்டு நடையில் கோட்டுகளுக்கு அடியில் மண்டியிட்டார். இந்த முறை முழங்காலுக்கு மெத்தை இல்லை. திருகு கிறீச்சிடுவது மாடி வரைக்கும் கேட்டது.

மேவிஸ் பின்னறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரேடியேட்டரில் கை வைத்திருந்தாள். கீழே நடை சூடாகிக்கொண்டிருக்கும். காத்திருந்தாள். திடீரென்று தரைக்கு அடியில் அந்த உறுமல் நின்றது. இத்தனை நாளில் முதல்முறை. அந்த அமைதி அவளை ஆஸ்பத்திரிக் கருவி நின்றதுபோலத் தூக்கிவாரிப் போட்டது. இரும்பு ஆறத் தொடங்கி டிக், டிக் என்றது. உள்ளங்கைக்குக் கீழே சூடு இறங்குவது தெரிந்தது. ஜன்னல் வழியே டோரீன் வீட்டுப் பாய்லரின் புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக நீராவி போவதைப் பார்த்தாள். அவளாவது பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டு, போர்வையை இழுத்து நெஞ்சை மூடினாள். கை மட்டும் இரும்பிலேயே இருந்தது. வாயைத் திறந்து ஊதிப் பார்த்தாள். புகை இல்லை. மறுபடி ஊதினாள்.

கீழே நடையில் ஏதோ சின்னதாகச் சொடுக்கியது. பாய்லர் உறுமத் தொடங்கியது.

மாடிப்படி ஏறி வந்தார் ரோலண்ட், கையில் தேநீர். அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"நடை கொஞ்சம் சில்லுனு இருந்துச்சு," என்றார். "தெர்மோஸ்டாட்ட ஒரு கோடு ஏத்தி வச்சேன்."

"பத்தொன்பதுதானே விஞ்ஞானம்?"

"விஞ்ஞானம் இந்த ரூம்லயா படுக்கப் போகுது?"

தேநீர் சுட்டது. குடுவைக்குக் குல்லாய் திரும்பிவிட்டதென்று அவளுக்குப் புரிந்தது. அப்படியென்றால் பெட்டி இப்போது திறந்து கிடக்கிறது.

"என்ன கலர்ல இருக்கு?"

"மஞ்சள்." சற்றுப் பொறுத்து, "கடுமஞ்சள்" என்றார்.

போகாமல் நின்றார். பிறகு குனிந்து அவள் கைக்குப் பக்கத்தில், ஆறத் தொடங்கி மறுபடி சூடேறிக்கொண்டிருந்த ரேடியேட்டரில், தன் கையை வைத்தார். அது நடுங்கியது. மேவிஸ் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"சும்மா, சோதிச்சுப் பாக்கறேன்," என்றார் ரோலண்ட்.